ஏழு கன கஜம்

வெட்டும்போது எல்லா மரத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது.
அரவை எந்திரத்துக்குள் போய் வந்த பிறகு
அது வெறும் சுமை. ஏழு கன கஜம்.
எங்கே கொட்டுவது என்பது என் பாடு.

கிடங்கில் கொட்டினால் காசு கேட்பார்கள்.
வாசலில் கொட்டினால் நன்றி சொல்வார்கள்.
அதனால் ஆல்புகர்க்கியில்
எனக்குத் தெரிந்த வாசல்கள் அதிகம்.

ஏப்ரல். காற்று மண்ணை வாரி
ஊராரின் பல்லிடுக்கில் வைக்கிற மாதம்.
ஒஃபேலியா மொந்தோயா வீட்டு முற்றத்தில்
முன்பிருந்த ஆள் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து
மேலே சரளை கொட்டிவிட்டுப் போயிருந்தான்.
மூன்று வாரமாகக் கல் பொறுக்குகிறாள்.
உரித்த இடத்தில் மண், பானை ஓடு.
கடப்பாரை போட்டால்
ணங்கென்று எதிர்த்துப் பேசும்.
நடுவில் ஓர் ஆப்ரிகாட் கன்று,
எண்ணிவிடக்கூடிய இலைகளோடு.

லாரியின் முதுகைத் தூக்கினேன்.
குவியல் சரிந்து உட்கார்ந்து ஆவி விட்டது.
நேற்று அரைத்த எல்ம்; உள்ளே இன்னும் சூடு.
"யார் வீட்டு மரம்?"
"லோமாஸ் பக்கம். வேர் சாக்கடைக் குழாயை உடைத்துவிட்டதாம்."
"குற்றவாளி" என்று சிரித்தாள்.

கையுறை இல்லாமல் அளைந்தவள்
நீலமாய் ஒரு சில்லை எடுத்தாள்.
பழைய பெயின்ட்.
ஏறுவதற்குப் படி வரைந்த பிள்ளையோ,
வெட்டச் சொல்லி அடையாளம் வைத்த கையோ.
ரம்பத்தின் சத்தத்தில் நான் எதையும் பார்ப்பதில்லை.
பத்திரப்படுத்துவாள் என்று நினைத்தேன்.
"பெயின்ட் மக்காது" என்று
குப்பை வாளியில் போட்டாள்.

நான் கிளம்பியிருக்க வேண்டும்.
ஆனால் அவள் கன்றைச் சுற்றி
சில்லை மலையாகக் குவித்தாள்,
காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவதுபோல
கழுத்துவரை.

இறங்கிப் போனேன்.
"அங்கே மட்டும் வேண்டாம். பட்டை அழுகும்.
ஒரு சாண் தள்ளி. நாலு விரல் உயரம்."
முழந்தாளிட்டு விலக்கினாள்.
போதும் என்றேன்.
இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.
"எனக்கு இதுதான் வராது" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசி.
சாண்டியா மலைக்குப் பின்னால் மழை
தினமும் உறுமிவிட்டுத் திரும்பிப் போன வாரம்.
காலி லாரியோடு அந்தத் தெருவில் வந்தேன்.
அவள் வீட்டில் இல்லை.
மூடாக்கு வெளுத்துத் தாழ்ந்திருந்தது,
படுத்து எழுந்த பாயின் நிறத்தில்.

விரலை உள்ளே விட்டேன்.
முதல் கணுவரை காய்ந்த மரம்.
இரண்டாவது கணுவில் குளிர்ச்சி.
அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாய் நூல்,
அவசரமில்லாத யாரோ
ஓட்டுத் தையல் போட்ட மாதிரி.

ஆப்ரிகாட்டின் அடியில் ஒரு சாண் வட்டம்
துடைத்துவிட்டதுபோல் காலி.
அதில் ஓர் ஓணான்,
வாடகை கொடுத்தவன் தோரணையில்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் சரளை
வெயிலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.
அழைப்பு மணி வெள்ளை நிறம்.
விரலைத் துடைக்காமலே
அழுத்தினேன்.