தளை தட்டும் நடை

ஏப்ரல். சாரேமா தீவில்
கல்வேலியின் வடபக்கம் மட்டும் கொஞ்சம் பனி மிச்சம்.
ஜூனிப்பர் புதர்களுக்கு அப்பால்
கடல் விட்டுப்போன ஈர மணல்,
துடைத்த பலகை போல.

தூயிஸ்குக்கு மூன்று வயது.
பெயருக்குப் பனிப்புயல் என்று பொருள்.
ஆள் என்னவோ
கம்பு ரொட்டிக்கு வாய் பிளந்து நிற்கிற சோம்பேறி.
வைக்கோல் நிறம். முதுகு நெடுக ஒரு கரிக்கோடு.
அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்:
நின்றாலும் நடந்தாலும்
இடப்பக்கம் பிறை.

தார்த்துவிலிருந்து ரைவோ போனில்:
சேணம் வைத்தாயிற்றா?
இல்லை.
ஜூனில் மகளுக்குப் பிறந்தநாள்.
இருக்கட்டுமே.
ஒரு கால் குட்டையான நாற்காலியில்
ஆளை உட்கார வைத்தா
சரிபார்ப்பார்கள்?

மூக்குப்பட்டையில் கயிறு.
அவன் முகம் பார்த்து நான் பின்னோக்கி நடக்கிறேன்.
நான்கு குளம்பு, நான்கு அடி.
ஒன்று, இரண்டு,
மூன்றில் தளை தட்டுகிறது.
வலது வட்டம் என்றால் எப்போதும் அங்கேதான்.
மூட்டை சரிந்த வண்டியாய்
வலத்தோள் முதலில் உள்ளே விழும்,
பிட்டம் வெளியே வழுக்கும்,
வயிற்றுக்கு அடியில் வரவேண்டிய பின்கால்
பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

கசையின் நுனியால் அந்தக் காலைத் தொடுகிறேன்.
அடியில்லை அது.
உறைமேல் விரல் வைத்து
முகவரி காட்டுவது மாதிரி.
(முப்பது வருடம் தபால் சுமந்தவள்,
வேறு எப்படிச் சொல்வேன்?)
இங்கே வை. இங்கே.
காதைப் பின்னுக்குச் சாய்க்கிறான்.
தெரியும், தெரியும், என்கிறது காது.
கால் தெரியாது என்கிறது.

பத்து நிமிடம்தான் ஒரு நாளைக்கு.
பதினோராவதில் அவனும் நானும்
ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்குவோம்.

இப்படி மூன்று வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கையுறை விழுந்துவிட்டது.
எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன்
மணலில் இரண்டு வரிசை.
அவனுடைய கோணல் எனக்கு மனப்பாடம்.
பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் தடம்:
வலது ஆழம், இடது மேலாக,
ஏதோ கனத்தை
இன்னமும் தூக்கிக்கொண்டு போகிறவளுடையது.

பை இடத்தோளில் தொங்கும்.
சமன் செய்ய வலப்பக்கம் சாய்வேன்.
பையைத் திருப்பிக் கொடுத்து ஆறு வருடம்.
சாய்வைத் திருப்பிக் கேட்க
அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

எதிரெதிராக நடக்கிறோம் அல்லவா,
என் வலம் அவனுக்கு இடம்.
நான் சாயச் சாயக் கயிறு சாய,
கயிற்றோடு மூக்கு, மூக்கோடு கழுத்து.
கருப்பையில் மடிந்து கிடந்த மிச்சக் கோணல்
அவனுடையதுதான், மறுக்கவில்லை.
மேலே வட்டி போட்டது நான்.

மறுநாள் இடது குதிகாலை ஊன்றினேன்.
இடுப்பு முனகியது.
விழப்போகிறவள் போலிருந்தது எனக்கு;
நேர் என்பது முதலில் அப்படித்தான் இருக்கும் போல.
ஒன்று, இரண்டு,
மூன்றில்
பின்கால் வந்தது.
வயிற்றுக்கு அடியில், முகவரி பிசகாமல்.
முதுகு ஒரு விரற்கடை உயர்ந்தது.
கழுத்தை நீட்டித் தாழ்த்தி
இல்லாத எதையோ மென்றான்.
நான் கயிற்றை விட்டுவிட்டேன்,
அன்றைக்கு அது போதும்.
அடுத்த நாள் மறந்துபோயிருந்தோம்,
இருவருமே.

ஜூனில் ரைவோ வந்தார்,
கையில் சிவப்புச் சேணம், விலைச்சீட்டு இன்னும் ஆடுகிறது.
நேராகிவிட்டானா?
கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.
நடங்கள், அந்தப் பாறை வரைக்கும்.
நடந்தார்.
போன் இருந்த பக்கம்
தோள் கொஞ்சம் இறங்க,
தூயிஸ்க் மரியாதையாக
அவருக்கு ஏற்ற மாதிரி வளைந்தான்.

பாறையில் நின்று திரும்பிப் பார்க்கிறார்.
காற்று மாறிக் கடல் ஏறுவதற்குள்
தடத்தைப் படிக்க அவருக்கு
கால் மணி நேரம் இருக்கிறது.
சேணத்தை வாங்கி
வேலிக்கல் மேல் வைத்தேன்.