மூன்றாம் நிலை, ஏழாம் எண்

லான்ஜோவில் எங்கள் வீடு பதினோராம் மாடி.
பியானோ, மூடிப்போன மழலையர் பள்ளி ஒன்றிலிருந்து
மலிவாக வாங்கியது. மின்சாரத்தில் ஓடுவது.
நடுக்கட்டை ஒன்றில் பூனை ஸ்டிக்கர்.
சுரண்டியும் போகவில்லை, ஒரு காது மட்டும் போயிற்று.

கீழ்வீட்டுக்காரருக்கு இரவு வேலை, பகலில் தூக்கம்.
அதனால் யுயேநிங் ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பாள்.
எனக்குக் கேட்பது டொக் டொக் மட்டும்,
யாரோ முள்ளங்கி அரிவது மாதிரி.
எழுபத்தொன்றாம் எண் பேருந்தை எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து
இரண்டு வருடமாக இந்த முள்ளங்கியைத்தான்
சங்கீதம் என்று நம்பியிருந்தேன்.

நேற்று என் கால் தட்டி ஒயர் பிடுங்கிக்கொண்டது.

வலது கை ஒரு வரி சொன்னது.
இடது கை கொஞ்சம் தாமதித்து அதையே தாழ்வாகச் சொன்னது,
எதிர்மலையிலிருந்து பதில் வருவது போல.
பிறகு, ஏறுகிற இடத்தில்,
அடுத்தடுத்த கட்டைகள் இரண்டு ஒன்றாக விழுந்து
பல்லைக் கூச வைத்தன.

"விரல் வழுக்கிடுச்சா?"
"இல்லப்பா, இப்படித்தான் எழுதியிருக்கு."
புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள்.
மூன்றாம் நிலை. ஏழாம் எண். ஒரு மலைப்பாட்டை ஒட்டி.
இசை: பெய் ஷூயிங்.
அடியில் பொடி எழுத்தில்:
பாடியவரின் குரல் இந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவே நின்றது.
பியானோவில் அந்த இடம் இல்லை.
ஆகவே இரண்டையும் அழுத்தவும். மன்னிக்கவும்.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
ஆறாம் மாத விழாவில், கையைக் காதோரம் குவித்து,
பச்சைக் குடை பிடித்த ஒருத்தியைப் பார்த்து
நான் அங்கேதான் போய் நின்றேன்.
குரல் உடைந்துவிட்டது என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.
உடையவில்லை. அங்கே ஒரு படி இருந்தது.
மூச்சு முட்ட ஏறிய அத்தனையையும்
சின்னக் கை எட்டுகிற தூரத்துக்குள்
மடித்து வைத்திருக்கிறாள் அந்தப் பெய்.

இது வீட்டுக்குள் பாடக்கூடாத பாட்டு.
தாய் தகப்பன் முன்னால் கூடாது,
அக்கா தங்கை முன்னால் கூடாது,
பெற்ற மகள் முன்னால் நினைக்கவே கூடாது.
ஆனால் பாருங்கள்,
சொற்களை வாசலில் செருப்பைப் போலக் கழற்றிவிட்டு
நல்ல பிள்ளையாக உள்ளே வந்து
பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"வார்த்தை தெரிஞ்சா மனசுக்குள்ள பாடிக்கிட்டே வாசிக்கணுமாம்.
அப்பத்தான் எங்க மூச்சு விடறதுன்னு விரலுக்குத் தெரியுமாம்.
உங்க ஊர்ப் பக்கத்துப் பாட்டுதானே,
என்ன வார்த்தை?"

காது சூடாகிவிட்டது.
"கோதுமை" என்றேன். "கோதுமை விளைஞ்சதைப் பத்தி."
"எல்லா வரியுமா?"
"எல்லா வரியும். நிறைய விளைஞ்சுது."

முதல் வரிக்கு மேலே பென்சிலால்
கோதுமை என்று எழுதிக்கொண்டாள்.

மருந்துக்கடையிலிருந்து வந்த கையோடு
பூண்டு உரிக்க உட்கார்ந்த குய்ஷியூ
உரிப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.
எங்கள் கல்யாணம் தரகர் முடித்தது.
அதற்கு முன் அவள் எந்தச் சரிவில் நின்றாள்,
என்ன நிறக் குடை,
நான் கேட்டதில்லை.

முதுகைத் திருப்பாமலே சொன்னாள்:
"கோதுமை இல்ல. மொச்சை.
ரெண்டாவது வரியிலயே மொச்சை வந்துடும்."

யுயேநிங் ரப்பரைத் தேடினாள்.
நான் கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது வரியில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியும் என்பது
பதினான்கு வருடம் கழித்துத் தெரிகிறது.

மொச்சையை நினைத்துக்கொண்டு அவள் மறுபடி வாசித்தாள்.
இந்த முறை சரியான இடத்தில் மூச்சு விட்டாள்.
ஒயரை யாரும் திரும்பச் செருகவில்லை.
கீழ்வீட்டுக்காரரும் வந்து கதவைத் தட்டவில்லை.

அவர் எந்த ஊரோ.