நாற்பத்தொன்றாவது மூடி

பாயான் லெப்பாஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம்
தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி
சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
கம்பெனி வியட்நாமுக்குப் போனது.
கண்களை என்னிடமே விட்டுவிட்டது.

இப்போது குளுகோரில், பல்கலைக்கழகத்தில்,
மணிக்குப் பதினோரு வெள்ளி.
அதே குனிதல், அதே பிடரி வலி.
யுனானிலிருந்து வந்த பாறையை
வாரக்கணக்கில் காடியில் ஊறப்போட்டு
கரையாமல் மிஞ்சியதைக் காயவைத்துத் தருவார்கள்.
ரசச் சட்டியின் அடியில் தங்கிய
மிளகுத் தூள் மாதிரி இருக்கும்.
ஈரத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு
அதிலிருந்து நான் அவற்றைப் பொறுக்க வேண்டும்.

ஒரு கூம்பு. அதற்கொரு மூடி.
இடுக்கு வழியே வெளியே வளையும் இரண்டு கம்பிகள்.
துடுப்பா, சேற்றில் ஊன்றும் முட்டா,
இன்னும் முடிவாகவில்லை என்கிறாள் சியூ லிங்.
அந்தக் கம்பிக்கு ஹெலன் என்று பெயர்.
யாரோ ஒருவர் தன் மகள் பெயரை வைத்தாராம்.
என் மகள் பெயர் தண்ணீர் பில்லில் இருக்கிறது,
ஓர் எழுத்து குறைவாக.

எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூடிகள்தான்.
எந்த மூடி எந்தக் கூம்புக்கு என்று
யாரும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு மேல்,
நாற்பத்தொன்றாவது.
புரட்டினேன்.
உட்புறத்தில் தசை பிடித்திருந்த தழும்புகள்,
இரண்டு பக்கமும், குங்குமம் தொட்டு எடுத்த
விரல் தடம் போல அத்தனை தெளிவாக.
அது இழுத்துச் சாத்திக்கொண்ட இடம்.
ஐம்பத்திரண்டு கோடி வருடத்துக்கு முன்
எதற்கோ பயந்து.

"அட!" என்றேன்.

அவ்வளவுதான்.
கடல் மலையானபோது போகாதது,
சுத்தியலுக்கும் சுங்கத்துக்கும் காடிக்கும் தப்பியது
என் "அட"வில் போய்விட்டது.

கைப்பேசி விளக்கோடு தரையில் தவழ்ந்தேன்.
ஒரு ஸ்டேப்ளர் ஊசி. குரோப்போக் துணுக்கு.
அதைச் சுமக்கலாமா என்று யோசிக்கும் எறும்பு.

கம்பெனியாக இருந்தால் கடிதம் கொடுத்திருப்பார்கள்.
இங்கே ஒரு தாள்தான்:
முழுமை, உடைந்தது, சந்தேகம்.
தொலைந்தது என்று கட்டம் இல்லை.
சந்தேகத்தின் கீழ் ஒன்று போட்டேன்.
சியூ லிங் அதைப் பார்த்தாள்,
பிறகு என் முழங்கால் தூசியைப் பார்த்தாள்,
கையெழுத்துப் போட்டாள்.

பத்து உபானில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
கடற்காற்று.
ஏர்கான் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி
உதறப் போனவள்
உதறவில்லை.

மடித்து, உட்புறம் வெளியே தெரியாமல்,
மடியில் வைத்துக்கொண்டேன்.
துவைக்க வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.