புள்ளி

செக்காலை ரோட்டு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஜெசிந்தா என் முழங்கைக்கு மேல் ரப்பர் கட்டுகிறாள்.
"கையை மூடுங்கண்ணே."
மூடுகிறேன். நரம்பு எழும்புகிறது,
கூப்பிட்டதும் வருகிற ஒரே சொந்தம்.

மஞ்சள் மூடிக் குழாய் பழசு, லித்தியத்துக்கு.
மூன்று மாதத்துக்கொரு தரம்
ரத்தத்தில் உப்பு கூடிற்றா குறைந்ததா என்று
சமையற்காரர் போல ருசி பார்ப்பார்கள்.
ஊதா மூடி மூன்றும் புதிது. ஆய்வுக்கு.

டாக்டர் ஹபீபா தாளில் கிறுக்கிச் சொன்னார்:
ஏறுகிறபோதும் இறங்குகிறபோதும்
ரத்தத்தில் ஏதோ தடம் விழலாம்.
ஒரு புரதம் குறையலாம்.
வெறும் சோர்வு எது, இது எது என்று
ஒருநாள் பிரித்துச் சொல்லலாம்.
லாம், லாம் என்றே பேசினார்.
பன்னிரண்டு வருஷத்தில்
நிச்சயமாகப் பேசாத முதல் ஆள்.

அப்பச்சிக்கு அது கொழுப்பு.
ஆத்தாளுக்குச் செய்வினை.
முதல் டாக்டருக்குச் சோர்வு, சோர்வேதான்;
அவர் எழுதிய மாத்திரையில்தான்
அந்தப் பங்குனி முழுக்க நான் தூங்கவில்லை.

காலேஜுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
ஷட்டரை உள்ளே இழுத்துவிட்டு
என் கல்யாணப் பத்திரிகையை நானே அடித்தேன்,
இரண்டாயிரம் பிரதி.
நாள், நட்சத்திரம், கோயில், பிரிவு எல்லாம் சரி.
மணமகள் பெயர் வருமிடத்தில் மட்டும்
புள்ளி வைத்து விட்டிருந்தேன்,
பாஸ்போர்ட் ஃபாரத்தில் விடுவார்களே, அப்படி.
புது பஸ் ஸ்டாண்டில் புறப்பட்ட பஸ்ஸிலெல்லாம் ஏறிக் கொடுத்தேன்.
தேவகோட்டையிலிருந்து ஒருவர் மொய்யோடு வந்தார்.
நூற்றியோரு ரூபாய். இன்னும் திருப்பவில்லை.

பிறகு ஆவணி.
நாற்பத்தொரு நாள் பல் துலக்கவில்லை.
பிரஷ் எட்டடி தூரத்தில் இருந்தது.

நேற்று உண்ணாமலை போனில் அழுதாள்.
"ரத்தத்தில இருக்குன்னு எழுதிக் கொடுத்திராதீகண்ணே.
மீனாளுக்கு வரன் பார்க்கிறோம்."
பதில் சொல்லவில்லை.
இருக்கிறது என்றால் மீனாள்.
இல்லை என்றால்
அந்த இரண்டாயிரமும் நானே அடித்ததா?

கோயில் கணக்கில் கல்யாணமானால்தான் ஒரு புள்ளி.
புள்ளிக்குத்தான் வரி.
நாற்பத்திரண்டு வயதில் யாரும் என்னிடம் வரி கேட்டதில்லை.
ஹபீபா காட்டிய வரைபடத்தில்
இருநூறு சொச்சம் புள்ளிகள்.
பேர் கிடையாது, குலம் கிடையாது.
சில கூட்டமாக. ஒன்றிரண்டு ஓரத்தில் தனியே,
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல.
அடுத்த மாதம் நானும் அதில் விழுவேன்.
எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியாது.

ஜெசிந்தா பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்கிறாள்.
குழாய்களைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறாள்,
மெதுவாக, எட்டுத் தரம்.
உறையாமல் இருக்கவாம்.

சட்டைப்பையில் போன் அடிக்கிறது.
உண்ணாமலையாகத்தான் இருக்கும்.
கை மடங்கியிருக்கிறது.
அடிக்கட்டும்.