பந்து வராத இடம்

கல்லுக்கட்டியில் பாத்திரக்கடைக்கு மேல் மாடி.
எட்டு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ்.
இங்கே ராத்திரி பதினொன்றரை ஆனால்
பிரான்சில் விளக்குப் போட்டு ஆட்டம் தொடங்கும்.
யார் பந்தைத் தொட்டாலும்
நான் ஒரு விசையைத் தொட வேண்டும்.
ஆட்டத்துக்கு நானூற்று இருபது ரூபாய்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
டேட்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு விழுந்தது இரண்டாம் டிவிஷன்,
அதிலும் கடைசிக்கு முந்தின அணி,
அதிலும் நான்காம் எண் சட்டை:
லோயிக் த்ரெமெலே.
பக்கத்து சீட் ராயப்பனுக்கு நாக்கு புரளாது.
திருமலை என்று வைத்துவிட்டான்.
திருமலை இன்னைக்கு இறங்குறானா?

ஒலி எங்களுக்கு வராது.
ஒன்பது சீசன் பார்த்தும் அவன் குரல் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
பறித்தால் டி, தலையால் முட்டினால் ஹெச்,
வெளுத்து வெளியே அடித்தால் சி,
ஆளோடு சேர்த்துச் சாய்த்தால் எஃப்.

இருபத்திரண்டு வயதில் எஃப் ஜாஸ்தி.
மஞ்சள் அட்டையைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி
இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளாத குறை.
அப்புறம் இரவல் போனான், சதா மழை பெய்கிற ஏதோ ஊருக்கு,
ஒன்றரை வருஷம் பெஞ்ச்.
திரும்பி வந்தபோது தாடி இருந்தது, அவசரம் இல்லை.
ஒரே ஒரு வருஷம் முதல் டிவிஷன்.
அறுபத்தேழு கோல் வாங்கினார்கள்.
என் கீபோர்டில் சி எழுத்து அந்த வருஷம்தான் அழிந்தது.
எனக்கு இரண்டு வரன் வந்து போனதும் அப்போதுதான்,
அதற்கு விசை கிடையாது.

கீழே இறங்கினார்கள். கேப்டன் பட்டை இவன் கைக்கு வந்தது.
மூன்று வருஷம் நன்றாக ஆடினான் என்றால்
யாருக்கும் ஞாபகம் இருக்காது.
ஸ்டாப்பர் நன்றாக ஆடினால்
எந்தத் துணுக்கு வீடியோவிலும் வருவதில்லை.

அங்கே பனி கொட்டிய ஒரு மார்கழியில்
இடப்பக்கம் திரும்ப
அரை வினாடி கூட எடுத்தான்.
அவன் டாக்டருக்கு முன்னால்
எனக்குத் தெரிந்துவிட்டது, கொப்புடையம்மன் சாட்சி.
என்ன செய்ய?
பதிந்தேன்.
அடுத்த வாரமும் பதிந்தேன்.
கோட்டுப் போட்ட யாரோ
காபி குடித்துக்கொண்டே அந்த எண்ணைப் பார்த்திருப்பார்.
மாசி பிறந்தபோது திருமலை பெஞ்சில்.
இதை நான் ராயப்பனிடம் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம்.
எண்பத்துமூன்றாம் நிமிஷம் இறக்கினார்கள்,
ஒரு கோல் முன்னணியைக் காக்க.
எதிரே இருபது வயசுப் பையன்,
சிராவயல் பொட்டலில் அவிழ்த்துவிட்ட மாடு.
திருமலை ஓடவில்லை.
இரண்டு எட்டு வலப்புறம் வைத்து நின்றான்.
கையை நீட்டினான். வாய் எதையோ கத்தியது.
பையன் பார்த்தான்,
பந்தைப் பின்னால் தட்டிவிட்டான்.
மறுபடி வந்தான். மறுபடி அங்கே ஆள் நின்றது.
பதினொரு நிமிஷம்
பந்து அந்தப் பக்கமே வரவில்லை.
விசைகளுக்கு மேல் என் விரல்கள்
சும்மா இருந்தன.
தாமதமாக வந்த சேது எக்ஸ்பிரஸ்
ஜங்ஷனில் ஊதிவிட்டுக் கிளம்பியது.

த்ரெமெலே, எண் 4, நிகழ்வுகள்: 0.

நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
நின்றான். ஆகவே வரவில்லை.

விடியுமுன் தணிக்கையிலிருந்து உமையாள் அக்கா
சிவப்பில் திருப்பியிருந்தாள்:
நடக்காததைப் பதியக் கூடாது.
சரிதான், விதி அதுதான்.
அழித்துச் சேமித்துவிட்டு
நூறடி ரோட்டில் போய் டீ குடித்தேன்.

ஆடியில் புதுக் கோப்பு திறந்தது.
நான்காம் எண்ணில் பத்தொன்பது வயசு, ஒல்லி.
முதல் ஆட்டத்திலேயே மூன்று எஃப்.
பேர் இவனுக்கு இன்னும் நீளம்.
ராயப்பன் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறான்,
எதுவும் ஒட்டவில்லை.