பிடிகொடாத படம்

ஐந்து யானைக்கு இருபது கால்.
யார்மிலா எண்ணியபோது இருபத்திரண்டு இருந்தன.
மறுபடி எண்ணினாள்.
இருபத்து மூன்று.
அந்த மிச்சத்தைத்தான்
படம் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள்
மாலை ஆறு மணிக்குள்.

பிறந்து ஒன்றரை நாள்,
எடை நூற்றுநான்கு கிலோ என்றான் போஹுஷ்.
தூங்காத கண், புருவத்தில் வைக்கோல் தூசி.
"விடியற்காலை மூன்று பத்து.
தரையில் விழுந்ததும்
ஐந்தும் சேர்ந்து பிளிறியதில்
டிராம் நிறுத்தத்தில் படுத்திருந்த குடிகாரன்
போலீசுக்குப் போன் செய்துவிட்டான்."
ஆணா பெண்ணா என்று
நேற்று மதியம்தான் பார்க்க விட்டார்களாம்.
யார் விட்டார்கள்?
முகவாயால் காட்டினான்,
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.

அந்தப்பக்கம் ஐந்து முதுகு, ஐந்து வால்.
சாணிநெடியோடு மூச்சுவிடும் ஒரு மதில்.
இந்தப்பக்கம் ஏப்ரல் பனியை உதறிக்கொண்டு
வரிசையாக வந்துபோகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
"ஒண்ணும் தெரியல டீச்சர்."

அவள் இடப்பக்கம் நகர்ந்தால்
தோண்யா ஒரு காலைத் தூக்கி இடப்பக்கம் வைத்தாள்.
வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம்.
ஐம்பத்தொரு வயசு,
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
நான்கு மணி நேரத்தில் கேமராவுக்குக் கிடைத்தது:
முழங்கால் மடிப்பு,
நகம் நகம் நகம்,
ரோஜா நிறத்தில் ஒரு காதோரம்,
இன்னும் என்ன செய்வதென்று தெரியாத தும்பிக்கையின் நுனி,
அதுவும் கலங்கலாக.
பிடிகள் பிடிகொடுக்கவில்லை.

இப்படியொரு மதிலை
அவள் ஏற்கனவே பார்த்திருக்கிறாள்.
பதினோரு வருடம் முன்பு,
ஊருக்குக் கிழக்கே, சுரங்க வாசலில்,
வாயு வெடித்த காலை.
வெண்டுலாவுக்குப் பத்தொன்பது வயசு.
அவளை நடுவில் விட்டுச்
சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும்
வெளியே முதுகைக் காட்டி நின்றார்கள்,
ஈரமான கம்பளிக் கோட்டுகள்.
இரண்டு முழங்கைகளுக்கு நடுவே
ஒரு சாண் இடைவெளி கிடைத்தது.
ஒரு சாண் போதுமே, நல்ல லென்ஸுக்கு.

முதல் பக்கம்.
அப்புறம் பிராகில் ஒரு விருது;
அந்தக் கண்ணாடிப் பலகை இப்போது
சமையலறையில் மின்சாரக் கட்டண ரசீதுகள் பறக்காமல்
காத்து வருகிறது.
அந்த முழங்கைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி
ரொட்டிக்கடை வரிசையில் இவளைப் பார்த்தால்
திரும்பிக்கொள்வாள்.
சண்டை கிடையாது, வசவு கிடையாது.
முதுகு மட்டும்.

ஐந்து இருபதுக்கு மதில் விலகியது.
ஏனென்று போஹுஷுக்கும் தெரியாது.
தாயின் வயிற்றுக்கடியிலிருந்து
கசங்கிய துணிமூட்டைபோல் அது வெளியே வந்து
தன் தும்பிக்கையைத் தானே மிதித்து,
யார் மிதித்தது என்று
நிமிர்ந்து பார்த்தது.

வேண்டாமென்று கேமராவைத் தாழ்த்தினாள்
என்று எழுதினால் கவிதைக்கு நன்றாக இருக்கும்.
நடந்தது அதில்லை.
லென்ஸ் மூடி கைதவறி உருண்டுபோய்,
மண்டியிட்டு
பெஞ்சுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தாள்.
தலை தூக்கினால் எதிரே,
அதே உயரத்தில்,
கண்ணாடிக்கு நேர் அந்தப்பக்கம்,
நீண்ட இமைமயிரோடு ஒரு கண்.

கேமரா கழுத்தில்தான் தொங்கியது.
எடுத்திருக்கலாம்.
கை பெஞ்சுக்கடியிலேயே இருந்தது.

தோண்யா வந்தாள். மதில் மூடிக்கொண்டது.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு
ஒரே ஒரு படத்தை அனுப்பினாள்.
போனில் கமில் கத்தினான்:
"வெறும் பின்பக்கமா இருக்கே! குட்டி எங்கே?"

"உள்ளேதான் இருக்கு.
காலை எண்ணிப் பார்."

மறுமுனையில் சத்தமில்லை.
அவன் எண்ணுவது கேட்டது.