நான்காம் வட்டம்

வரைபடத்தில் ஏழு வட்டங்கள், பச்சை மையில்.
பக்கத்தில் யாரோ ஒரு துரையின் சாய்ந்த கையெழுத்து:
புன்னை. எப்போதும் இலையோடு நிற்கும்.
இருபதடிக்கு ஒன்று.
மாலை வெயிலுக்கு மறைப்பு.

புளியந்தீவில், வாவிக்கரைப் பங்களா.
தோட்டத்தை "முன்பு இருந்தபடியே" மீட்கச் சொல்லி
திணைக்களம் என்னையும் ஒரு அளவு நாடாவையும் அனுப்பியிருந்தது.
நாடாவின் மறுமுனையில் ஆதம்லெவ்வை.
"முதலாவது, பதினொரு அடி நாலங்குலம்!"
அடிமரத்தைக் கட்டிப்பிடித்தபடி கத்துவார்.
நான் எழுதுவேன்.

வாகையும் கொன்றையும் குசினிப் பக்கம்.
அங்கே சருகு கொட்டினால் துரைக்கென்ன,
பங்குனியில் மொட்டையாய் நின்றால்தான் என்ன.
மேற்கு எல்லையில் மட்டும்
ஒரு நாள்கூட மொட்டையாகாத மரம் வேண்டியிருந்திருக்கிறது.

"இலை கொட்டாத மரமா கா? ஆரு சொன்ன?"
தங்கேஸ்வரி விளக்குமாற்றை நிறுத்திச் சிரித்தாள்.
"நாளைக்கு ரெண்டு சாக்கு அள்ளுறன்.
வாகை ஒருக்காக் கொட்டிப்போட்டுச் சும்மா நிக்கும்.
இது மறுகா மறுகாக் கொட்டும்,
கொட்டினது ஆருக்கும் தெரியாது."

அப்பளம்போல் காய்ந்த ஓர் இலையைக் காலால் நொறுக்கினாள்.
நான் மேலே பார்த்தேன்.
ஓட்டையே இல்லை.

பிறகுதான் வெயிலைக் கவனித்தேன்.
நாலு மணிக்கு அது புன்னைகளின் மேல் விழவில்லை,
அவற்றுக்கு வலப்புறமாய், வெறும் புல்லில்,
யாரும் எதுவும் நடாத இடத்தில் விழுந்தது.
பின்னேர வெயிலைத் தாழ்வாரமே தடுத்துவிடுகிறது.
மரவரிசையோ நேராகவும் இல்லை,
மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே
மதிலோடு சேர்ந்து வளைகிறது.

மதிலுக்கு அப்பால் மறியற்சாலை.
மேல்மாடியில் ஜன்னல்களை எண்ணினேன்.
ஆதம்லெவ்வையையும் எண்ணச் சொன்னேன்.
ஏழு.

இங்கிருந்து பார்த்தால் விறாந்தைக்குத் தேநீர் நேரம்.
அங்கிருந்து பார்த்தால்
நூற்றுச் சொச்சம் வருடம் பச்சை,
பச்சைக்குப் பின்னால் வாவி என்று யாரோ சொல்லக் கேள்வி.

எழுபத்தெட்டுச் சூறாவளி
நாலாவதை வேரோடு பிடுங்கி
கிணற்றுக் கட்டில் கிடத்தியதாம்.
அந்த இடத்தில் இன்று ஒரு பள்ளம், கொஞ்சம் கோரை.
பள்ளத்தில் நாடாவின் நுனியைப் பிடித்தபடி நிமிர்ந்தேன்.
நாலாம் ஜன்னலில் நீலத் துவாய் காய்ந்தது,
துவாய்க்குப் பக்கத்தில் ஒரு முகம்.

"தங்கச்சி, அதில மரமா வைக்கப் போறீங்க?"

ஆதம்லெவ்வை நாடாவைச் சுற்றத் தொடங்கினார்,
சுற்ற வேண்டிய நேரம் இல்லை அது.
நான் "அளக்கிறம்" என்றேன்.
பொய் இல்லை.
எனக்குப் பின்னால் ஒரு தோணி போயிருக்க வேண்டும்,
அந்த முகம் இடமிருந்து வலமாக
மெதுவாக, மெதுவாகத் திரும்பியது.

இரவு வாடி வீட்டில் படத்தைச் சுத்தமாக வரைந்தேன்.
ஆறு வட்டங்கள் முழுக்கோட்டில்.
நாலாவது புள்ளிக்கோட்டில்.
புள்ளிக்கோடு என்றால் எங்கள் தொழிலில்
"இருந்தது" என்றும் பொருள்,
"இனி வரும்" என்றும் பொருள்.
எது என்று அட்டவணையில் எழுத வேண்டும்.
எழுதவில்லை.

நாற்று முந்தாநாளே வந்துவிட்டது.
கறுப்புப் பையில், தண்ணீர்த் தாங்கி நிழலில்.
நாலு இலை.
தங்கேஸ்வரி தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.